ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே தடவையில் பெயர் மாற்றுவது: உள்ளே என்ன நடக்கிறது, எங்கே பிசகுகிறது

வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். இரண்டு கமராக்கள் எடுத்த நாலாயிரம் படங்கள் ஸ்டூடியோவின் கணினிக்கு வந்து சேருகின்றன. கொட்டாஞ்சேனையில் ஒரு ரியூசன் நிலையம் பதினைந்து வருட உயர்தர வினாத்தாள்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பழைய வழக்குக் கட்டுகள் எல்லாம் பிடிஎஃப் ஆகி, ‘ஸ்கேன்0001’, ‘ஸ்கேன்0002’ என்று கிடக்கின்றன. மூன்று இடத்திலும் தேவைப்படுவது ஒரே வேலைதான். அர்த்தமில்லாத பெயர்களை எடுத்துவிட்டு, தேடினால் கிடைக்கிற பெயர்களை மொத்தமாகப் போட வேண்டும்.

இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற முறைப்பாடுகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கும்:

1. முந்நூறு கோப்பு இருந்தது, இப்போது குறைகிறது. மிச்சம் எங்கே?
2. வரிசை குழம்பிவிட்டது. தாலி கட்டும் படம் வரவேற்புப் படங்களுக்கு நடுவில் நிற்கிறது.
3. தமிழில் பெயர் வைத்தோம். கண்ணுக்குத் தெரிகிற கோப்பு, தேடினால் கிடைக்கவில்லை.

மூன்றுக்கும் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றைப் புரிந்துகொள்ள, கோப்பின் பெயர் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் கோப்புக்கு உள்ளே இல்லை

ஒரு படமோ பிடிஎஃப்போ, அதன் உள்ளடக்கம் வட்டில் ஓரிடத்தில் இருக்கிறது. அதன் பெயர் வேறோர் இடத்தில், ஒரு பதிவேட்டில் இருக்கிறது. பாடசாலை வரவுப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பிள்ளையின் பெயரைத் திருத்தி எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. விண்டோஸ் பாவிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அந்தப் பதிவேட்டுக்கு மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற ஓர் இலக்கம் உண்டு. கோப்புறை என்பது ‘இந்தப் பெயர், இந்த ஐநோட்’ என்று வரிவரியாக எழுதிய ஒரு பட்டியல்தான்.

இதிலிருந்து சில விடயங்கள் நேராக விளங்கும். பத்து ஜிபி வீடியோவுக்கும் பத்து கேபி கடிதத்துக்கும் பெயர் மாற்ற ஒரே நேரம்தான் எடுக்கும், ஏனென்றால் பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே மாறுகிறது. படத்தின் தரம் குறையாது. ஆனால் இதே காரணத்தால் பழைய பெயர் எங்கும் மிச்சமிருக்காது. கோப்பைத் திறந்து பார்த்து ‘இதன் முந்தின பெயர் என்ன’ என்று கண்டுபிடிக்க வழியில்லை. அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னில் கொஞ்ச நாள் காத்திருக்கும். அழிந்த பெயருக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. விண்டோஸில் கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் பெயர்கள் திரும்பும் என்பது உண்மை. ஆனால் உடனே செய்தால்தான் திரும்பும், நாளைக்குக் கணினியைத் திறக்கும்போது அந்த ஞாபகம் இருக்காது.

புள்ளிக்குப் பின்னால் வருகிற எக்ஸ்டென்ஷனும் பெயரின் ஒரு பகுதிதான். கோப்பு எந்த வகை என்று இயங்குதளம் ஊகிக்கிற அடையாளம் அது, அவ்வளவுதான். ஆகவே ‘டொக்எக்ஸ்’ என்பதை ‘பிடிஎஃப்’ என்று மொத்தமாக மாற்றினால் ஒரு கோப்புகூட பிடிஎஃப் ஆகாது, திறக்காமல் மட்டும் போகும். திரும்ப மாற்றினால் சரியாகிவிடும்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிய கணினியில் இது எடுபடாது. அங்கே எல்லாக் கோப்புக்கும் புதிதாக ஒரு வால் ஒட்டியிருப்பதைப் பார்த்து, ‘வாலை வெட்டினால் போதும்’ என்று பலர் முயல்கிறார்கள். பெயர் மாறியது வெளியே தெரிகிற அடையாளம் மட்டுமே. உள்ளடக்கமே பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு வேறாக வைத்த பிரதி ஒன்றே கைகொடுக்கும். 2023 இல் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை ரான்சம்வேரால் தாக்கப்பட்டபோது, அந்த ஆண்டின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்காமல் போயின. அந்தக் காலத்துக்குப் பாவிக்கக்கூடிய பேக்அப் இல்லாததே காரணம்.

மொத்தப் பெயர் மாற்றம் என்பது இரண்டு நிரல் பட்டியல்

எந்த மென்பொருளானாலும், அது முதலில் செய்வது மனதுக்குள் ஒரு பட்டியல் போடுவது. இடது நிரலில் பழைய பெயர், வலது நிரலில் புதிய பெயர். அதன் பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டு போகிறது. வலது நிரலை எப்படி நிரப்புவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன:

1. ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போடுவது.
2. முன்னால் அல்லது பின்னால் ஒன்றைச் சேர்ப்பது.
3. வரிசையிலக்கம் கொடுப்பது.
4. படம் எடுத்த நேரம், பாட்டின் பெயர் போன்று கோப்புக்குள் பதிந்திருக்கும் விபரத்தை வெளியே எடுத்துப் பெயராக்குவது.

விண்டோஸில் எல்லாவற்றையும் தெரிவு செய்து எஃப்2 அழுத்தினால் மூன்றாவது முறை மட்டும் கிடைக்கும். எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயரும் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று இலக்கமும் வரும். மைக்ரோசொஃப்ட் இலவசமாகக் கொடுக்கும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள பவர்ரீநேம் இதைவிட நல்லது, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். மெக்கில் 2014 முதல் ஃபைண்டரிலேயே இந்த வசதி இருக்கிறது. லினக்ஸில் ‘ரீநேம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கட்டளைகள் உலாவுகின்றன. உபுண்டுவில் கிடைப்பது ஒன்று, ஃபெடோராவில் இருப்பது இன்னொன்று. ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் ஓட்டினால் வேலை செய்யாது.

சொல் மாற்றும் முதல் முறைதான் மிகவும் இலகுவாகத் தெரியும். அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. மென்பொருளுக்குச் சொல் எது, சொல்லின் துண்டு எது என்று தெரியாது. ‘கலை’ என்பதை ‘கலைப்பிரிவு’ என்று மாற்றச் சொன்னால் ‘பல்கலைக்கழகம்’ என்ற பெயரும் ‘பல்கலைப்பிரிவுக்கழகம்’ ஆகிவிடும். ‘1’ ஐ ‘01’ ஆக்கச் சொன்னால் 2019 என்பது 20019 ஆகும். தேடும் துண்டோடு பக்கத்தில் நிற்கும் கோட்டையோ இடைவெளியையோ சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும்.

முதலாவது முறைப்பாடு: கோப்பு எங்கே போனது?

ஒரு கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாது. வலது நிரலில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் என்ன நடக்கும் என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் ‘அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது’ என்று மறுத்துவிடும். லினக்ஸிலும் மெக்கின் கட்டளைத் திரையிலும் பெயர் மாற்றும் ‘எம்வி’ கட்டளை சாதாரணமாகக் கேட்காது. ஏற்கனவே அந்தப் பெயரில் இருந்த கோப்பை அப்புறப்படுத்திவிட்டுப் புதியதை அங்கே வைக்கும். எச்சரிக்கையும் வராது, ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

இதன் கடுமையை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 120 பக்கமுள்ள ஒரு கோயில் மலரை ஸ்கேன் செய்தாயிற்று. 001 முதல் 120 வரை பெயர் போட்டாயிற்று. அப்புறம்தான் அட்டையை விட்டுவிட்டது தெரிகிறது. அட்டை 001 ஆக வேண்டும், மற்ற எல்லாம் ஒவ்வொரு இலக்கம் தள்ள வேண்டும். சரி, 001 ஐ 002 ஆக்கு, 002 ஐ 003 ஆக்கு என்று மேலிருந்து கீழாக ஓட்டினால், முதலாம் வரியிலேயே முதற்பக்கம் இரண்டாம் பக்கத்தை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது. அடுத்த வரி அதே முதற்பக்கத்தை மூன்றாம் பக்கத்தின் மேல் வைக்கிறது. கடைசி வரி முடியும்போது கோப்புறையில் ஒரே ஒரு கோப்பு இருக்கும். அதன் பெயர் 121, உள்ளே இருப்பது முதற்பக்கம். 119 பக்கங்கள் போய்விட்டன. கட்டளையில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை, செய்த வரிசைதான் பிழை. கீழிருந்து மேலாக, 120 ஐ முதலில் 121 ஆக்கி, அதன் பின் 119 ஐ 120 ஆக்கிக்கொண்டு வந்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது.

இரண்டு பக்கங்களின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருந்தால் கீழிருந்து வருவதும் உதவாது. ‘அ’ வை ‘ஆ’ ஆக்க வேண்டும், ‘ஆ’ வை ‘அ’ ஆக்க வேண்டும். எதை முதலில் செய்தாலும் மோதும். இதற்கு மூன்றாவதாக ஒரு தற்காலிகப் பெயர் வேண்டும். கவனமாக எழுதப்பட்ட மென்பொருள்கள் எல்லாக் கோப்புக்கும் முதலில் தற்காலிகப் பெயர் வைத்து, இரண்டாம் சுற்றில் உரிய பெயரைக் கொடுக்கின்றன. கையால் செய்பவரும் இதே இரண்டு சுற்று முறையைப் பின்பற்றலாம்.

மோதல் உருவாகும் இன்னும் இரண்டு இடங்கள் நம் சூழலில் அடிக்கடி வருவன. கமராக்கள் ஒரு பொது விதிப்படி பெயர் வைக்கின்றன: முன்னால் நான்கு குறிகள், பின்னால் நான்கு இலக்கங்கள். 9999 க்குப் பிறகு எண்ணிக்கை திரும்பத் தொடங்கும். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு கமராக்கள் ஒரே கல்யாணத்தில் நின்றால் 0450 என்ற இலக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கலாம். அதிகம் படம் எடுக்கும் ஒரே கமராவிலேயே கூட இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு கோப்புறைக்குள் கொட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கமராவின் படங்களுக்கும் ஒரு முன்னெழுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

மற்றது வினாத்தாள்கள். 2019 இல் உயர்தரப் பரீட்சை பழைய பாடத்திட்டத்துக்கும் புதிய பாடத்திட்டத்துக்கும் தனித்தனியே நடந்தது. ஒரே பாடம், ஒரே ஆண்டு, ஒரே மொழி, இரண்டு வினாத்தாள். பெயர் நீளமாக இருக்கிறதே என்று ‘புதிய’, ‘பழைய’ என்ற சொற்களை மொத்தமாக எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே பெயருக்கு வந்து நிற்கும். பெயரைச் சுருக்கும் ஒவ்வொரு விதியும் இரண்டு கோப்புகளைப் பிரித்துக்காட்டிய ஒரே வேறுபாட்டை அழிக்கக்கூடியது. சுருக்குவதற்கு முன் அதைக் கேட்டுப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறைப்பாடு: வரிசை

கணினி பெயர்களை ஒழுங்குபடுத்தும்போது இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாக ஒப்பிடும். அந்தக் கணக்கில் 1 க்கு அடுத்தது 10, அதற்கு அடுத்தது 100, அதன் பிறகுதான் 2. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து எக்ஸ்ப்ளோரர் இலக்கங்களை எண்ணாகவே எடுத்து வரிசைப்படுத்துகிறது. அதனால் நம் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அதே கோப்புகளை பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினாலோ அல்பம் அச்சடிப்பவரிடம் கொடுத்தாலோ அங்குள்ள மென்பொருள் பழைய முறையில் வரிசைப்படுத்தக்கூடும். முன்னால் பூச்சியம் போட்டுவிட்டால் இரண்டு முறையிலும் ஒரே வரிசைதான் வரும். நாலாயிரம் படம் என்றால் 0001 இல் தொடங்க வேண்டும்.

திகதிக்கும் இதே நியாயம். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகியவர்கள். கோப்பின் பெயரில் அப்படி எழுதினால் எல்லா வருடத்தின் முதலாம் திகதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். 03-04 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா என்ற சந்தேகமும் வரும். ஆண்டு, மாதம், நாள் என்று 2024-04-03 போல எழுதினால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமம் 1988 முதல் சொல்வதும் இதைத்தான்.

எந்தத் திகதியை எடுப்பது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. ஒரு கோப்பில் குறைந்தது மூன்று திகதிகள் இருக்கலாம்: வட்டில் உருவான திகதி, கடைசியாகத் திருத்திய திகதி, படமானால் எடுத்த திகதி. பென் டிரைவில் பிரதி எடுத்தால் உருவான திகதி அன்றைய நாளாகிவிடும். படத்துக்கு நம்பக்கூடியது கமரா உள்ளே பதிந்த திகதி மட்டுமே. வட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அதுவும் இருக்காது. அண்ட்ரொய்ட் போனில் வட்ஸ்அப் வைக்கும் பெயரிலுள்ள திகதி, படம் எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. 1990 இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை இன்று ஒருவர் அனுப்பினாலும் பெயரில் இன்றைய திகதிதான் வரும்.

வினாத்தாள்களில் திகதியை நம்பவே கூடாது. 2021 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டுக்கானது 2023 ஜனவரியில் தொடங்கியது. திகதியிலிருந்து ஆண்டை எடுக்கும் விதி இரண்டையும் பிழையான ஆண்டில் போடும்.

கல்யாணப் படங்களுக்கு வருவோம். இரண்டு கமராக்களின் படங்களையும் எடுத்த நேரப்படி ஒன்றாக வரிசைப்படுத்துவது சரியான யோசனை. இரண்டின் மணிக்கூடுகளும் ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. லண்டனிலிருந்து வந்த மச்சானின் கமரா லண்டன் நேரத்திலேயே இருந்தால், கோடைகாலத்தில் நாலரை மணித்தியாலமும் மற்றக் காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால் நிற்கும். தாலி கட்டும் கணத்தை இரண்டு கமராவும் எடுத்திருக்கும். அந்த இரண்டு படங்களின் நேரங்களையும் ஒப்பிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அந்த வித்தியாசத்தை ஒரு கமராவின் எல்லாப் படங்களுக்கும் கூட்டிக்கொடுக்கும். நேரத்தைத் திருத்துவது முதலில், பெயர் மாற்றுவது அதற்குப் பிறகு.

பழைய டிஜிட்டல் படங்களை ஒழுங்குபடுத்துபவர்கள் இன்னொன்றையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், 1996 மே மாதம் இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழையபடி கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்ற நேரத்துக்குத் திரும்பினோம். அந்த நாளுக்குப் பின்னும் மாற்றப்படாமல் விடப்பட்ட கமராவின் படங்கள் அரை மணித்தியாலம் தள்ளி நிற்கும்.

மூன்றாவது முறைப்பாடு: தமிழ்ப் பெயர்கள்

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடுகின்றன. அவை ஆங்கிலப் பெயர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தமிழில் பெயர் வைக்கும் நமக்குத் தனியான சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பயந்து தமிழ்ப் பெயரையே கைவிட வேண்டிய அவசியம் இல்லை. காரணம் தெரிந்தால் எல்லாவற்றையும் சமாளிக்கலாம்.

எல்லா மொழிகளின் குறிகளுக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் பொது நியமம் யூனிகோட். அதில் நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பது கணினிக்கு ஓர் எழுத்து அல்ல. ‘கொழும்பு’ என்பது நமக்கு நாலெழுத்து. கணினிக்கு எட்டுக் குறிகள்: க, கொம்பும் காலும் சேர்ந்த குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி. இதன் விளைவுகள் ஒவ்வொன்றாக:

1. வெட்டும் இடம். ‘முதல் ஒரு குறியை நீக்கு’ என்று மென்பொருளிடம் சொன்னால் ‘க’ மட்டும் போகும். அதன் கொம்பும் காலும் அந்தரத்தில், ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றித் தொங்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் மொழியில் ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்பதைக் குறிக்கும் புள்ளிக்கும் இதே குணம் உண்டு. தமிழ்ப் பெயர்களை இலக்கம் எண்ணி வெட்டக் கூடாது. கோடு, இடைவெளி போன்ற ஓர் எல்லையை வைத்தே வெட்ட வேண்டும்.

2. ஒரே தோற்றம், வேறு குறிகள். ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி ஒன்று. கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகள் மற்றது. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் விண்டோஸின் கோப்பு முறை இரண்டையும் வேறு வேறு பெயராகவே எடுக்கும். மெக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த சிப் கோப்புகளில் அந்தப் பிரிந்த வடிவம் இன்றும் வருவதுண்டு. ஒரே கோப்புறையில் ‘கொழும்பு’ என்று இரண்டு கோப்பு நின்றால் பேய் அல்ல, இதுதான் காரணம்.

3. ‘ஔ’ காரம். பௌதிகவியல் என்று தட்டச்சும்போது சிலர் ஔகாரக் குறியைப் பாவிக்கிறார்கள். சிலர் கொம்பு போட்டுப் பின்னால் ‘ள’ எழுத்தைப் போடுகிறார்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகிய கை இரண்டாவதைத்தான் இயல்பாகச் செய்யும், ஏனென்றால் பாமினியில் அப்படித்தான் எழுதுவோம். பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. ஆனால் யூனிகோட் இவை இரண்டையும் சமம் என்று சொல்வதில்லை. ஆகவே சமமான வடிவங்களை ஒன்றாக்கும் மென்பொருள்கூட இதைத் திருத்தாது. கௌரி, சௌந்தரி போன்ற பெயர்களுக்கும் இதேதான். ரியூசன் நிலையத்தின் பாதி வினாத்தாள்கள் தேடலில் காணாமல் போவதற்கு அநேகமாக இதுவே காரணமாக இருக்கும். ‘கொம்பு, ள’ என்ற சேர்க்கையைத் தேடி ஔகாரமாக மாற்றுவதுதான் வழி. ‘வெள்ளவத்தை’, ‘தெளிவு’ போன்ற சொற்களிலும் கொம்புக்குப் பின் ‘ள’ வரும் என்பதால் இதைக் கண்மூடித்தனமாக ஓட்டாமல், சொல் சொல்லாகச் செய்ய வேண்டும்.

4. ‘ஸ்ரீ’. யூனிகோடில் 2005 வரை இதை ‘ஸ’ வைக் கொண்டே எழுத முடிந்தது. அந்த ஆண்டு ‘ஶ’ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. இன்று இரண்டு விதமாகவும் எழுதப்படுகிறது, பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரிகிறது. ஸ்ரீகாந்தன், ஸ்ரீதேவி என்று ஆட்களின் பெயரில் கோப்பு வைக்கும் அலுவலகங்கள் ஏதாவது ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்டு மற்றதை மாற்றிவிட வேண்டும்.

5. நீளம். விண்டோஸில் ஒரு பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸிலும் பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களிலும் எல்லை 255 பைட். தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். அதாவது 85 குறிகளுக்கு மேல் போக முடியாது. மெய்யும் உயிர்மெய்யும் கலந்து வரும்போது அது அறுபது எழுத்தைத் தாண்டுவது கடினம். விண்டோஸில் நன்றாக இருந்த நீளப் பெயர் அலுவலகத்துப் பொது சேமிப்பகத்துக்குப் பிரதியாகாமல் போனால் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இனிப் பாமினி. இலங்கையில் யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்களில் பெரும்பகுதி பாமினியில்தான் தட்டச்சானது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் எழுத்துரு. ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும். வேர்ட் ஓர் ஆவணத்தை முதல் முறை சேமிக்கும்போது முதல் வரியையே பெயராகப் பரிந்துரைக்கும். அதை அப்படியே ஏற்று என்டர் தட்டிய ஆவணங்கள் இன்று அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டங்களாகக் கிடக்கின்றன. அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். அந்தப் பெயர்களைப் பட்டியலாக எடுத்து, பாமினி–யூனிகோட் மாற்றியில் போட்டால் பல ஆவணங்களின் தலைப்பே வாசிக்கக் கிடைக்கும். பழைய சங்கங்களின் அறிக்கைகள், கோயில் மலர்கள், மலையகத் தொழிற்சங்கக் கடிதங்கள் எத்தனையோ இப்படி முகம் தெரியாமல் கிடக்கக்கூடும்.

கொழும்பு அலுவலகங்களில் சிங்களப் பெயர்களும் கலந்திருக்கும். ‘கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கு’ என்ற வசதி சில மென்பொருள்களில் உண்டு. தமிழ்ப் பெயருக்கு அதனால் அநேகமாகச் சேதம் இல்லை. சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’ என்று எழுதவே அப்படி ஒரு மறைந்த இணைப்புக் குறி தேவை. அதை நீக்கினால் எழுத்து உடைந்து தெரியும்.

பெயரை நம்பியிருப்பவை

கோப்புக்குப் பெயர் ஓர் ஒட்டுச் சீட்டு என்றாலும், வெளியிலிருந்து அதைத் தேடி வருபவை அந்தச் சீட்டைத்தான் பார்க்கின்றன. எக்செல் கோப்பொன்று இன்னொரு எக்செல் கோப்பிலிருந்து எண்களை எடுத்தால், அந்தக் கோப்பின் பெயர் மாறியதும் இணைப்பு அறுந்துவிடும். வீடியோ எடிட்டிங், பக்க வடிவமைப்பு வேலைகளிலும் அப்படியே. படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளான லைட்ரூமில் சேர்த்த படங்களுக்கு வெளியே பெயர் மாற்றினால் அது படத்தைக் காணவில்லை என்று சொல்லும், லைட்ரூமுக்குள்ளேயே மாற்றினால் பிரச்சினை வராது. கமரா ஒரே படத்தை மூலக் கோப்பாகவும் ஜேபெக் ஆகவும் தந்தால் இரண்டின் பெயரும் சேர்ந்தே மாற வேண்டும், இல்லாவிட்டால் சோடி பிரிந்துவிடும். இணையதளத்திலுள்ள பிடிஎஃப் இன் பெயரை மாற்றினால் ஏற்கனவே பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும். கூகுள் டிரைவ் இதில் விதிவிலக்கு. அங்கே இணைப்பு பெயரை நம்பாமல் உள் அடையாளத்தை நம்புகிறது.

‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ என்று ஓர் எண் கொடுத்து, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாவற்றையும் அதற்கான பக்கத்தில் எழுதுகிறது. எண் மாறாது, விபரம் திருத்தப்படலாம். பெரிய தொகுப்புகளுக்கு இது மிக நல்ல வழி. சட்டத்தரணி அலுவலகத்துக்கு நான் சிபாரிசு செய்வதும் இதுதான்: வழக்கிலக்கத்தையும் பக்க இலக்கத்தையும் மட்டும் பெயரில் வைத்துவிட்டு, மற்றதை ஒரு எக்செல் தாளில் எழுதிக்கொள்ளலாம்.

செய்யும் ஒழுங்கு

1. முழுக் கோப்புறைக்கும் வேறொரு வட்டில் பிரதி எடுக்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. விண்டோஸில் எக்ஸ்டென்ஷன் மறைந்திருக்கும். ‘வியூ’ பட்டியலில் அதைத் தெரியும்படி செய்துவிட வேண்டும்.

3. பழைய பெயர்களை எக்செல்லில் ஒரு நிரலாக எடுத்து, பக்கத்தில் புதிய பெயர் நிரலை அமைக்க வேண்டும். புதிய நிரலில் ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறதா என்று எக்செல்லே காட்டித்தரும். விண்டோஸ் ஏற்காத குறிகள், அதாவது இரு பக்கச் சாய்கோடுகள், முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், பெரிது சிறிது குறிகள், நிலைக்கோடு என்ற ஒன்பதும் இருக்கக் கூடாது.

4. இந்தத் தாளை சிஎஸ்வி ஆக, அதாவது நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்று குறிப்பிட்ட வகையைத் தெரிவு செய்ய வேண்டும். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அது வெறும் அலங்கோலமல்ல, ஆபத்து: விண்டோஸ் கட்டளையில் கேள்விக்குறி ‘ஏதாவது ஒரு குறி’ என்று பொருள்படும், அதனால் தொடர்பில்லாத வேறொரு கோப்பின் பெயர் மாறலாம். தமிழ்ப் பெயர்களைக் கொண்ட பேட்ச் கோப்பை, அதாவது கட்டளைகளை வரிவரியாக எழுதிய கோப்பை, ஓட்டுபவர்கள் முதல் வரியில் எழுத்து முறையை 65001 க்கு மாற்றும் கட்டளையைப் போட வேண்டும்.

5. இருபது கோப்பை வேறொரு கோப்புறைக்குப் பிரதியெடுத்து அதில் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் கோப்புகளை மட்டும் எடுக்காமல் ஒழுங்கில்லாத பெயர்களையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

6. முழுவதும் ஓட்டியபின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாம் படியில் குறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுத்தி, பிரதியிலிருந்து திரும்பத் தொடங்குவது நல்லது.

7. இரண்டு நிரல் பட்டியலை அழிக்காமல் அதே கோப்புறையில் விட வேண்டும். ஆறு மாதம் கழித்து யாராவது பழைய இலக்கத்தைச் சொல்லிப் படம் கேட்டால் அதில் பார்த்து எடுத்துக்கொடுக்கலாம். நிரல்களை இடம் மாற்றி ஓட்டினால் எல்லாப் பெயரும் பழையபடி திரும்பும்.